இரண்டு ஓய்வுநாள்கள்

எங்கள் குடும்பத்தில் வாரத்துக்கு இரண்டு ஓய்வுநாள்கள் இருந்தன. தாத்தா வீட்டில் ஞாயிறு, அத்தை வீட்டில் சனி. இரண்டு வீடுகளுக்கும் நடுவே பனங்காட்டு வழியாக ஒரு மணி நேர நடை. நாசரேத், மூக்குப்பீரி, பிரகாசபுரம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. அங்கே கோயில்மணி இரண்டு நாளும் அடிக்கும்.

தாத்தா சபை உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்.பி.ஜி. என்ற பழைய ஆங்கிலிக்கன் மிஷனின் பள்ளியில் படித்தவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எல்லோரோடும் சேர்ந்து அதற்குள் வந்தார். சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே ஆச்சி மறுநாளைக்கான தண்ணீரை இறைத்து நிரப்பிவிடுவாள், மசாலாவையும் அரைத்து வைத்துவிடுவாள். ஞாயிறன்று கடைக்குப் போகக் கூடாது, காசு கைமாறக் கூடாது, மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. அத்தை வீட்டில் இதே ஏற்பாடுகள் ஒரு நாள் முன்னதாக நடக்கும். வெள்ளி சூரியன் விழுந்தால் அடுப்பு அணையும். சனி சூரியன் விழும் வரை மாமா வியாபாரம் பேசமாட்டார், கணக்கு நோட்டைத் திறக்கமாட்டார். கருப்பட்டி வியாபாரிக்குச் சனிக்கிழமை என்பது சாதாரண நாள் அல்ல. சுற்று வட்டாரச் சந்தை ஒன்று சனிக்கிழமைதான் கூடும். அதைக் காலமெல்லாம் விட்டுக்கொடுத்தவர் அவர்.

அத்தையை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்ததே பெரிய பேச்சாக இருந்ததாம். மாமாவின் குடும்பம் சட்டாம்பிள்ளை வேதக்காரர்கள். கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்று சொல்லும் எங்கள் ஊரில் அதற்குள்ளேயே இப்படி ஒரு பிரிவும் உண்டு. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராக இருந்தவர். நாசரேத்தில் இருந்த மிஷனரியோடு மோதி வெளியேறியவர். 1857இல் தம்மோடு வந்தவர்களைக் கொண்டு வெள்ளைக்காரர் தலைமை இல்லாத ஒரு சபையை அவர் நிறுவினார். இந்து கிறிஸ்தவ சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர். ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கங்களை விலக்கி, பழைய ஏற்பாட்டிலிருந்து நேரடியாக வழிபாட்டை அமைத்துக்கொள்வது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், இஸ்ரவேலின் பண்டிகைகள், தூபம், புளிக்காத திராட்சரசம், சம்பளம் வாங்கும் குருமார் இல்லாத ஆராதனை எல்லாம் அப்படி வந்தவை. இந்தியாவில் மிஷன்களிலிருந்து பிரிந்து உருவான சுதேசித் திருச்சபைகளில் மிக முந்தையவற்றுள் ஒன்று இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இந்தப் பகுதிக்கு வந்தபோது, சனிக்கிழமை ஆசரிப்பு இவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்கவில்லை. அரை நூற்றாண்டாக அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

சனி சூரியன் விழுந்த பிறகு மாமா சைக்கிளில் தாத்தா வீட்டுக்கு வருவார். தாத்தா திண்ணையில் அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"வாரும் மாப்ள. இரியும்."

"இருக்கட்டும் மாமா."

இவ்வளவுதான் குசலம். பிறகு நியாயப்பிரமாணம், கிருபை, ஜென்மபாவம், நித்திய ஜீவன். நான் பள்ளிக்கூடப் பையன். தாத்தா சொல்லும் வசனத்தை வேதாகமத்தில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "ஏல, ரோமர் அஞ்சு எடு" என்பார். எடுத்துக் கொடுத்ததும் புத்தகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார். எதற்காக எடுக்கச் சொன்னார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. எதிரில் இருப்பவர் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்ற மரியாதை அது.

அவர்கள் அதிகமாகச் சண்டை போட்டது மத்தேயு 19ஆம் அதிகாரத்தை வைத்துத்தான். நித்திய ஜீவனை அடைய என்ன நன்மை செய்ய வேண்டும் என்று ஒரு வாலிபன் இயேசுவிடம் வந்து கேட்கும் இடம் அது.

"மாமா, ஒருத்தன் நேரா வந்து நித்திய ஜீவன் வேணும்னு கேக்கான். நீ ஆதாமுல பிறந்தவன், உன்னால ஒண்ணும் முடியாதுன்னா கர்த்தர் சொன்னாரு? கட்டளையக் கைக்கொள்ளுன்னுதானே சொன்னாரு. எந்தக் கட்டளைன்னு அவன் கேட்டதுக்கும் பேரு பேராச் சொல்லுதாரு."

"பேரு பேராச் சொன்னாரே, ஓய்வுநாளச் சொன்னாரா மாப்ள?"

உண்மைதான். கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி, தாய் தகப்பன், பிறனிடம் அன்பு. அந்தப் பட்டியலில் ஓய்வுநாள் இல்லை. தாத்தா வென்றுவிட்டார் என்று நான் மாமா முகத்தைப் பார்த்தேன்.

"அந்நிய தேவர்கள் வேண்டாங்கிறதையுந்தான் அங்க சொல்லல. அதனால அது இல்லன்னு ஆயிருமா?"

தாத்தா சிரித்தார். நல்ல பதிலைக் கேட்டால் அவருக்குச் சந்தோஷம் வந்துவிடும். அது தனக்கு எதிரான பதிலாக இருந்தாலும் அப்படித்தான். பிறகு நிதானமாக அவர் பக்கத்தைச் சொன்னார். அந்த வாலிபன் எல்லாவற்றையும் சிறுவயது முதல் கைக்கொண்டேன் என்றான். ஆனால் உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் துக்கத்தோடு போய்விட்டான். கட்டளைகளை வரிசையாகக் கைக்கொண்டவனுக்கு அவற்றின் அடியில் இருந்த ஒன்று தெரியவில்லை. அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கர்த்தர் கட்டளை வழியாக அவனைக் கூட்டிப்போனார் என்றார் தாத்தா. கட்டளை நமக்கு வழி காட்டவில்லை, நம்மை நமக்குக் காட்டுகிறது என்பது அவர் கட்சி.

மாமா உபாகமம் 30ஆம் அதிகாரத்துக்குப் போவார். இந்தக் கட்டளை எட்டாத தூரத்தில் இல்லை, வானத்துக்கு ஏறிப்போய்க் கொண்டுவர வேண்டியது இல்லை என்று மோசே ஜனங்களிடம் சொல்லும் இடம். முடியாததைக் கட்டளையிட்டுவிட்டு முடியவில்லை என்று தண்டிக்கிறவர் நீதியுள்ள தேவனா என்பது அவருடைய கேள்வி. தாத்தா விடமாட்டார். அதே வசனங்களைப் பவுல் ரோமர் 10இல் எடுத்து விசுவாசத்தின் வார்த்தையைப் பற்றிப் பேசுகிறார் என்பார். பவுலுக்கு முன்னால் மோசே என்ன நினைத்துச் சொன்னார் என்று மாமா கேட்பார். இப்படி அரிக்கேனில் எண்ணெய் தீரும் வரை போகும். மாமாவின் சபையில் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள் என்று நான் எழுதவில்லை. இது மாமாவின் பேச்சு. அவர் சொந்தமாக யோசித்தவர்.

நியாயப்பிரமாணத்தின் பக்கம் நின்று மாமா எதைக் காப்பாற்றினார் என்பதை நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரு நாள் நான் தாத்தாவின் பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். மனுஷன் பிறக்கும்போதே கெட்டுப்போனவன், அவனுக்குள் நன்மை எதுவும் இல்லை என்றேன். மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. என்னை உட்கார வைத்துக் கால்டுவெல் எழுதியதைப் பற்றிச் சொன்னார்.

இடையன்குடியில் 1841 முதல் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல்லைத் தமிழர்கள் 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலுக்காக நன்றியோடு நினைக்கிறார்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன், 1849இல், பனையேறிப் பிழைத்த எங்கள் மக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நாடார்கள் என்று இன்று அறியப்படுகிறவர்களை அன்று அழைத்த பெயரே அதன் தலைப்பில் இருந்தது. பேய்களை வணங்குகிறவர்கள், அறிவில் மந்தமானவர்கள், ஒழுக்கத்தில் தாழ்ந்தவர்கள் என்று அது எங்கள் முன்னோரைச் சித்திரித்தது. இங்கிலாந்தில் இருக்கும் ஆதரவாளர்கள் இப்படிப்பட்ட ஜனங்கள் நடுவில் நடக்கும் ஊழியத்தின் அருமையை உணர வேண்டும் என்பது அதன் நோக்கம். சட்டாம்பிள்ளை அதைப் படித்தார். அவருடைய பிரிவுக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்தச் சிறுநூல் மூட்டிய கோபம் பல பத்தாண்டுகள் அணையவில்லை.

"ஆதாமோட பாவம் எல்லாருக்கும் பொதுன்னு கோயில்ல சொல்லுவாவ. எழுதுறப்ப மட்டும் அது நம்ம தெருவுல வந்து நிக்கும். அவம் பிறப்பு மட்டும் சுத்தம், நம்ம பிறப்பு அசுத்தம். இதுதானல ஜென்மபாவம்? எங்க தாத்தாமாரு ஒரு வழிதான் கண்டாவ. நீ கையில குடுத்த வேதத்துல உள்ள கட்டளைய உன்னவிட ஒழுங்காக் கைக்கொண்டு காட்டுதோம், பாருன்னு நின்னாவ."

இதைக் கேட்ட பிறகு அத்தை வீட்டின் சனிக்கிழமையை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. வெள்ளி மாலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து மாமா ஜெபத்தைத் தொடங்கும்போது அவருடைய முதுகு நேராக இருக்கும். நித்திய ஜீவனைச் சம்பாதிக்கிறோம் என்ற கணக்கு அந்த முகத்தில் இல்லை. எங்களால் முடியும் என்று ஒரு ஜனம் சொல்கிறது. உங்களால் முடியாது என்று சொல்லப்பட்ட ஜனம் அது. இறையியல் நூல்கள் கிரியைகளால் வரும் நீதி என்று ஒரே பெயரிட்டு ஒதுக்கிவிடும் காரியங்களுக்குள் இப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பெருமைக்காரர்கள் என்று பிரசங்க பீடத்திலிருந்து யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பொறுக்காது.

அப்படியானால் தாத்தாவின் பக்கம் என்ன? அவரைக் கிருபை வாதி என்று நினைத்தாலும் அவருடைய ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சனிக்கிழமையைவிடத் தளர்வானது அல்ல. பனைமரத்துக்கு மட்டும் இரண்டு பேரும் விலக்கு வைத்திருந்தார்கள். பாளையை அன்றாடம் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், பதநீர் நின்றுபோகும். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடலாம் என்று மத்தேயு 12இல் இருப்பதைக் கொண்டு தாத்தா ஞாயிறன்று மரம் ஏற விடுவார். அன்று இறங்கிய பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்சாமல் தெருவில் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பார்கள். அத்தை வீட்டில் சனிக்கிழமைப் பதநீருக்கும் அதே சட்டம். இதில் மட்டும் மாமனாருக்கும் மருமகனுக்கும் வாக்குவாதமே வந்தது இல்லை.

தாத்தா ஜென்மபாவத்தைப் பற்றிப் பேசியதைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பிரசங்கத்தில்கூட அவர் ஊராரை நோக்கி நீங்கள் பாவிகள் என்று சொல்லி நான் கேட்டது இல்லை. நான், எனக்குள், என்னுடைய என்றுதான் பேசுவார். ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் தான் விரும்பாததையே செய்கிறதாகப் புலம்பும் இடம் வந்தால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். இளமையில் தன் தம்பியோடு நடந்த சொத்துத் தகராறில் தான் பேசிய ஒரு பேச்சை அவர் முதுமையிலும் சொல்லிச் சொல்லி வருந்துவார். தம்பி எப்போதோ மறந்துவிட்டிருந்தார். யாரும் கற்றுக்கொடுக்காமல் அந்த வார்த்தை தன் வாயில் எங்கிருந்து வந்தது என்பதே அவருடைய கேள்வி. கட்டளை எதற்கும் அது நேரடியாக முரண்படவும் இல்லை. பொய் சொல்லவில்லை, களவு செய்யவில்லை, உரியதைத்தான் கேட்டார். ஆனாலும் சொல்லும்போது ஒரு சந்தோஷம் இருந்ததாம். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் அவர் ஜென்மபாவம் என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த உபதேசம் அவரைக் கடுமையானவராக ஆக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊரில் குடித்தவன், திருடியவன், வீட்டைவிட்டு ஓடிப்போன பெண் என்று யார் வந்தாலும் திண்ணையில் உட்கார இடம் உண்டு. தானும் அதே மண்ணால் ஆனவன் என்று உறுதியாக நம்பியவருக்கு அடுத்தவரைப் பார்த்து அதிர்ச்சி அடைய முடியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்த உபதேசம் அவர் வீட்டுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது.

ஆச்சிக்கு என் அப்பாவுக்கு முன் ஒரு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பிறந்து சில நாளில் காய்ச்சல் கண்டது. ஞானஸ்நானம் கொடுக்க ஐயரவாளுக்கு, அதாவது குருவானவருக்கு, ஆள் அனுப்பினார்கள். அவர் வேறு சேகரத்து ஊரில் இருந்தார். வந்து சேருமுன் பிள்ளை போய்விட்டது. அன்றைக்குக் கையில் இருந்த ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு விதி உண்டு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு அந்த முறைமையைப் பயன்படுத்தக் கூடாது. 1662இல் இங்கிலாந்தில் எழுதியது, எங்கள் பனங்காட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதே இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளில் ஒன்பதாவது, பிறக்கிற ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கும் இந்தக் கேடு தேவ கோபத்துக்குப் பாத்திரமானது என்கிறது. தாத்தா உபதேசியார். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை அடக்கம் செய்தவர். தன் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தை அவர் திறக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தைச் சொல்லிவிட்டு மண்ணைப் போட்டாராம்.

இதை எனக்குச் சொன்னவள் ஆச்சி. மாமாவும் தாத்தாவும் ஐம்பத்தோராம் சங்கீதத்தில் தாவீது தன் பிறப்பைப் பற்றி அறிக்கையிடும் வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடிய ஒரு சனி இரவு, அவள் சுக்குக் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"தாவீது பெரிய மனுசன் ஆனபொறவு, அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துட்டு, அவனையும் கொன்னுட்டு, அழுது சொன்ன சொல்லு அது. பால் குடிச்ச பிள்ள சொன்ன சொல்லு இல்ல."

இரண்டு பேரும் பேசவில்லை. ஆச்சி எழுத்துக்கூட்டி வாசிப்பவள். எனக்குத் தெரிந்து அந்தச் சங்கீதத்துக்கு இதைவிட நேர்மையான விளக்கத்தை எந்த நூலும் தரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. தாத்தாவும் மாமாவும் போட்ட சண்டை ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் பழையது என்று அங்கேதான் அறிந்தேன். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலேஜியுஸ் என்ற துறவி, ரோமின் கிறிஸ்தவர்கள் சோம்பலாக வாழ்வதைக் கண்டு கொதித்தவர். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் தம்முடைய அறிக்கைகள் நூலில், தேவன் எதைக் கேட்கிறாரோ அதைச் செய்யும் வலிமையையும் அவரே தர வேண்டும் என்று வேண்டியிருந்தார். ஒரு ஆயர் அதை எடுத்துச் சொல்லக் கேட்ட பெலேஜியுஸுக்குப் பொறுக்கவில்லை. மனிதன் கை கட்டி உட்காருவதற்கு இது சாக்காகிவிடாதா? 410இல் கோத்தியர்கள் ரோமைச் சூறையாடிய நாள்களில் தப்பி ஆப்பிரிக்கா வழியாகப் பலஸ்தீனாவுக்குப் போனார். டெமெட்ரியாஸ் என்ற இளம் பெண் கன்னியாக வாழ முடிவெடுத்தபோது அவளுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், மனித இயல்பில் தேவன் வைத்த நன்மையை முதலில் அறிந்துகொள் என்று தொடங்குகிறார். முடியாததைத் தேவன் கட்டளையிடமாட்டார் என்கிறார். வாசித்துக்கொண்டே வந்தபோது எனக்குத் திண்ணையில் மாமாவின் குரல் கேட்டது. மாமா பெலேஜியுஸின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

415இல் லித்தா ஊரில் கூடிய ஆயர்கள் பெலேஜியுஸை விசாரித்துக் குற்றமற்றவர் என்று விட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு ஐனேயாவைக் குணமாக்கிய அதே ஊர். மூன்றே ஆண்டுகளில், 418இல், கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அவருடைய போதனையைச் சபித்தார்கள். பேரரசர் ஹொனோரியுஸும் அவரை ரோமிலிருந்து விலக்கினார். மேற்குத் திருச்சபை அகுஸ்தீனின் வழியில் போயிற்று. கிழக்குத் திருச்சபைகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு மரணமும் பலவீனமும் வந்தன, ஆதாமின் குற்றம் வரவில்லை என்பது அவர்கள் நிலை.

அகுஸ்தீனை நான் மிகவும் நேசித்துப் படித்தேன். சிறுவயதில் பசியில்லாமலே பேரிக்காய் திருடியதைப் பற்றி அவர் எழுதும் பக்கங்களில் தாத்தா இருக்கிறார். தவறு செய்வதில் இருக்கும் அந்த வெறும் சந்தோஷத்தைக் கண்டுபிடித்து உலுக்கி எடுத்தவர் அவர். அதே நூலின் முதல் பாகத்தில், பேச்சு வராத ஒரு கைக்குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பொறாமையோடு வெளிறிப்போய்ப் பார்த்ததைத் தான் கண்டதாக எழுதுகிறார். குழந்தையும் குற்றமற்றது அல்ல என்பதற்கு அது சாட்சியாம். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசான தண்டனை என்று பின்னாளில் வாதாடினார். நான் புத்தகத்தை மூடி வைத்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு கிழவிக்குத் தெரிந்தது திருச்சபையின் மாபெரும் ஆசிரியருக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஆவணம், அப்படி இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்று கூறியது. ஆச்சி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டாள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா சொன்னது உண்மை. எனக்குள் எதுவோ கோணலாக இருக்கிறது, அதை நான் வருவிக்கவில்லை, என் முயற்சியால் அது நிமிரவும் இல்லை. கிருபை இல்லாமல் எனக்கு நித்திய ஜீவன் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் இந்த உண்மையை அவரவர் தன்னைப் பற்றித்தான் சொல்ல முடியும். ஒரு மிஷனரி ஒரு ஜாதியைப் பார்த்து, ஒரு ஆயர் ஒரு கைக்குழந்தையைப் பார்த்து, ஒரு தகப்பன் அடிபட்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லும்போது அது பொய்யாகிவிடுகிறது. அங்கெல்லாம் எசேக்கியேல் 18தான் பேச வேண்டும். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமக்கத் தேவையில்லை என்று மாமா அடிக்கடி எடுக்கச் சொன்ன அதிகாரம். கட்டளையைப் பற்றியும் மாமாவிடமே கற்றேன். கிருபையைப் பெற்றவன் ஏழையின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஞாயிறன்று கிருபையைப் பாடினால், அந்தப் பாட்டு மத்தேயு 19இன் வாலிபன் திரும்பிப்போன நடையைவிட மோசமானது. இப்போது பல எழுப்புதல் கூட்டங்களில் ஒரு முறை கை தூக்கினால் போதும், பிறகு எப்படி வாழ்ந்தாலும் நித்திய ஜீவன் கைக்குள் என்பதுபோல் பேசுகிறார்கள். தாத்தா உயிரோடு இருந்திருந்தால், இதைக் கேட்டு மாமாவின் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார்.

தாத்தா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில் என் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு காரியம் சொன்னார். தான் வெள்ளி இரவிலோ சனி பகலிலோ கண் மூடினால், சனி சூரியன் விழும் வரை அடக்கம் செய்யாமல் வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தூக்க வேண்டுமே. ஓய்வுநாளில் சுமை எடுக்க அவருக்கு மனச்சாட்சி இடம் கொடுக்காது, மாமனாரைத் தூக்காமல் நிற்கவும் மனம் ஒப்பாது, அந்த இடறலை நான் அவருக்கு உண்டாக்கக் கூடாது என்றார். ரோமர் 14இல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான் என்று பவுல் சொல்லி, யாரும் யாரையும் தீர்க்க வேண்டாம் என்கிறார். அதை இப்படிச் செயல்படுத்தலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அவர் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஏற்பாடு தேவைப்படவில்லை. அப்பா அடக்கம் முடிந்த இரவு மாமாவிடம் இதைச் சொன்னார். மாமா வெகுநேரம் அழுதார். பிறகு, "நீங்க வச்சிருக்க வேண்டாம். குழியில விழுந்த ஆட்ட மாதிரி நெனச்சி நான் தூக்கியிருப்பேன்" என்றார். யாருடைய கட்டளையை யார் கைக்கொண்டார்கள் என்று அன்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இப்போது எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பை நான் எடுக்கிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். மத்தேயு 19ஐயும் ரோமர் 7ஐயும் ஒரே நாளில் வாசிக்க வைப்பேன். தனித்தனியாக வாசித்தால் பிள்ளைகள் ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் கேள்வி வரும். கைக்கொள்ள முடியாது என்றால் கட்டளையை எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். முடியாது என்று உனக்கு எப்படித் தெரியும், எந்தக் கட்டளையை எத்தனை நாள் முயன்று பார்த்தாய் என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். அடுத்த வாரம் வந்து, தம்பியிடம் பொய் சொல்லாமல் இருக்கப் பார்த்ததாகவும் முடியாமல் போன இடத்தையும் எல்லோர் முன்னாலும் சொன்னான். ரோமர் 7 அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போன வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டி கிறிஸ்தவள் அல்ல. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவள் அந்தப் பாட்டி. அவளுக்கு நித்திய ஜீவன் உண்டா என்று கேட்டாள். ஞானோபதேசப் புத்தகத்தின் பதிலை நான் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் இல்லாதவர்கள் அதன்படி இயல்பாக நடக்கும்போது அது அவர்கள் இருதயத்தில் எழுதியிருக்கிறது என்று ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் வருவதை வாசிக்கச் சொன்னேன். வேதம் வருமுன் பனையேறிச் செத்துப்போன நம் பாட்டன்மாரை நினைத்து மாமா ஓயாமல் எடுக்கச் சொன்ன வசனம் அது. வாசித்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிறவர் எவர் என்பதை அதே அதிகாரத்தில் தேடு என்றேன். தேடிப் பிடித்தாள். பிறகு, பாட்டியை ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிவரலாமா என்று கேட்டாள். கூட்டிவா, அவர்களிடம் எனக்கும் கேட்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.